மாராயி பையிலிருந்த மிளகு

கண்ணு,

உன் அம்மாவும் நானும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனசுக்கு எப்படி என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று உன் பெரியப்பா சொல்லிவிட்டார். நம் குடும்பத்தில் மூத்தவர் கையால்தான் தாலி எடுத்துக் கொடுப்பது வழக்கம். அந்தக் கை இல்லாமல் உன் கல்யாணம் நடக்கப் போகிறது. அதற்குக் காரணம் நான். வேறு யார் வாயிலிருந்தும் நீ இதைக் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரல் கேட்டதும் நான் நல்லவனாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். வாழ்நாளெல்லாம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது.

போன வாரம் நீ திருப்பூரிலிருந்து கூப்பிட்டபோது கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, பொண்ணு ஊட்ல அந்த மொளகுத் திருட்டு வீடியோவப் பாத்திருக்காங்க. மலையில திருட்டு ரொம்பக் கூடிப்போச்சாமே, பொண்ண அங்க எப்படிக் குடி வெக்கறதுன்னு கேக்கறாங்க. கூடியிருக்கா இல்லியா, ஒரே வார்த்தைல சொல்லுங்க." நான், "டவர் சரியில்ல கண்ணு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. பதில் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் பார்த்தது இரண்டாவது வீடியோ. முதலில் வந்தது வேறொன்று. மிளகு பழுக்கத் தொடங்கிய நாட்களில் முகத்தைத் துணியால் மூடிய சில ஆட்கள் கொடியோடு மிளகை உருவிச் சாக்கில் போடுகிற மாதிரி ஒரு வீடியோ நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒருவர் இது மலையின் அந்தப் பக்கத்து ஊர்களான திருப்புலி நாட்டில் நடந்தது என்றார். அடுத்த நாள் இன்னொருவர் அதையே அனுப்பி, நம் திண்ணனூர் நாட்டுப் பக்கம் நேற்று நடந்தது என்றார். பிறகு ராசிபுரத்தில் இருக்கிற என் பழைய சக ஆசிரியர் ஒருவர் அனுப்பினார். ஒவ்வொரு முறை வந்தபோதும் ஒரு புதுத் திருட்டு நடந்ததாகவே என் மனசு எடுத்துக்கொண்டது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது வராத பையனுக்காக நண்பன் ஒருவன் குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்பான். நான் நிமிர்ந்து தலைகளை எண்ணிப் பார்ப்பேன். குரல் அதிகமாக இருக்கும், தலை குறைவாக இருக்கும். காதால் மட்டும் வருகை எடுத்தால் ஏமாந்து போவோம் என்று எத்தனை இளைய ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்தத் தடவை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த வீடியோவில் கொடி ஏறியிருந்தது பாக்கு மரம் என்பது தெரிந்திருக்கும். நம் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில்தானே ஏறுகிறது? அது எந்த ஊரோ, எந்த வருஷமோ. மிளகிலேயே பிறந்து வளர்ந்த இத்தனை பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் மரம் படவில்லை. முகமூடி மட்டும்தான் பட்டது.

பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்லமாட்டேன். பாறையில் காயப்போட்ட மிளகில் ஒரு மூட்டை, என்னிடம் படித்த செங்கோடனுக்கு உண்மையாகவே காணாமல் போனது. அவன் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். பறிகொடுத்தவனிடம் போய் மொத்தத்தில் குறைவுதான் என்று எந்தக் கணக்கையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதே நாட்களில்தான் மலைப்பகுதியில் திருட்டு வழக்குகள் கூடியிருப்பதாகச் செய்தித்தாளில் ஒரு துண்டுச் செய்தி வந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்து, "ஏனுங்க வாத்தியாரே, படிச்சவரு நீங்க. நெசமாலுமே கூடிருச்சா, இல்ல சும்மா பொரளியா?" என்று கேட்டார். நான் எழுந்து, செய்தித்தாளை விரித்து, "கூடித்தான் இருக்குது, கணக்கே சொல்லுது" என்றேன். செங்கோடன் அந்தத் துக்கத்திலும், "வாத்தியாரு கணக்கு தப்பாதுங்க, எங்க முதுகுல எழுதிச் சொல்லிக் குடுத்த கணக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

அதே கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் இப்போது என்னைக் குத்துகிறது. ஒரு வருஷம் தேர்வுக்குக் கண்டிப்பான மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். காப்பியடித்து மாட்டிய பிள்ளைகள் திடீரென்று கூடிவிட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று பெற்றவர்கள் கத்தியபோது, "பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நம் மலையிலும் அதே கதைதானே? முன்பெல்லாம் கோழி போனாலும் மாடு போனாலும் ஊர்க்கூட்டத்தில் பேசி, அபராதம் போட்டு, காலில் விழவைத்து முடித்துவிடுவோம். காவல் நிலையத்துக்கு ஒன்றும் போகாது. போகாததால் அங்கே எழுதவும் ஒன்றும் இருக்காது. திருட்டே இல்லாத மலை என்று அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்றைக்குச் சாலை வந்துவிட்டது, ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு போன். எது தொலைந்தாலும் நிலையத்துக்குப் போகிறார்கள். அந்த எண் நாம் நிலையத்துப் படியேறிய கதையைச் சொல்கிறது. திருட்டைப் பற்றி அது எவ்வளவு சொல்கிறது என்பதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும் கண்ணு. தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

கூட்டத்தில் முடிவானது இது: ஊர்ச் சாலை தொடங்குகிற இடத்தில் சங்கிலி கட்டுவது, வேலை முடித்துக் கீழே இறங்குகிற வெளியாட்களின் பைகளைப் பார்த்து அனுப்புவது. பையன்கள் வரம்பு மீறாமல் இருக்கப் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்று நான்தான் சேர்த்துச் சொன்னேன். அதனால் முதலில் என்னையே நிற்கச் சொன்னார்கள்.

மாராயியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நீ கட்டப்போகிற பெண்ணும் படிக்கட்டும் என்பதால் சொல்கிறேன். மாராயி மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரி. வருஷா வருஷம் மிளகு பறிக்க மலைக்கு வந்து, பருவம் முடிகிறவரை தோட்டத்துச் சாளைக் குடிசையில் தங்கி, நம் வீட்டிலும் இன்னும் சில வீடுகளிலும் பறித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிக்கொண்டே கீழே நிற்பவர்களைக் கிண்டல் பண்ணுவாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சந்தைப் பொரி கொண்டுவந்து தருவாள். வேலை முடித்து இறங்குவதற்கு முன்னால், பறித்த ஆளுக்கு ரசத்துக்கு என்று இரண்டு கை மிளகு கொடுப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். ஆண்கள் கணக்கில் அது வராது. ஆண்களுக்குத் தெரியாமலேதான் பெரும்பாலும் நடக்கும். இந்த வருஷம் உன் அம்மா தன் பிறந்த வீட்டுக்கு, உன் அப்புச்சி ஊருக்குப் போயிருந்ததால், போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நானே அள்ளி மாராயியின் துணியில் போட்டேன். "வாத்தியாரு கையி சின்னக் கையிங்க, அம்மா வந்ததும் மிச்சத்த வாங்கிக்கறேன்" என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் ஏறியிருந்த டெம்போ சங்கிலிக்கு வந்தது. அங்கே பையன்களுக்குத் தலைவன் மாதிரி நின்றவன் உன் பெரியப்பா மகன் சரவணன்.

"அக்கா, பையத் தொறங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்."

"தொறந்து பாரு சாமி. கந்தச் சீலையும் கம்பளியுந்தான் கெடக்குது. கட்டிக்கறதுன்னா நீயே எடுத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள், சரவணனும் சிரித்தான். அடியில் துணி முடிச்சு கையில் தட்டுப்பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது என்ன?"

"மொளகுப்பா. ஊட்டுக்காரம்மாங்க குடுத்தது."

"எந்த ஊட்டுக்காரம்மா?"

"பறிச்ச ஊட்லயெல்லாந்தான்."

அவன் ஒரு சாக்கை விரித்து அதில் கொட்டினான். பருத்த மிளகு, சிறுத்த மிளகு, நன்றாகக் காய்ந்தது, பாதி காய்ந்தது எல்லாம் கலந்து கிடந்தது. "பாருங்கடா, நாலு தோட்டத்து மொளகு ஒரே முடிச்சுல! எங்கப்பன் ஒரு கை மொளகு எவனுக்காச்சும் சும்மா குடுத்திருக்காரா? கேட்டுப் பாருங்க!" என்றான். மாராயி அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் பயமே இல்லை. நான் இருப்பதால் அவளுக்குத் தைரியம்.

"எதா இருந்தாலும் மொறப்படி விசாரிச்சுக்கலாம்" என்றேன்.

அதுதான் நான் சொன்னது கண்ணு. 'நான் கொடுத்தேன்' என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். சொல்லியிருந்தால், அப்படியானால் கூட்டத்தில் பேசியதெல்லாம் என்ன என்று அந்தப் பையன்கள் என்னைப் பார்த்திருப்பார்கள். கணக்கு தப்பாத வாத்தியாரின் கணக்கு தப்பியிருக்கும். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து முறைப்படி என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மடியில் என்ன இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். அவள் முந்தானையை உதறிக் காட்டினாள். அதைச் சரவணன் போனில் பிடித்தான். 'மலையில் மிளகுத் திருடி கையும் களவுமாகப் பிடிபட்டாள்' என்று பெயர் வைத்து அனுப்பினான். நிலையத்தில் மனுவும் கொடுத்தான்.

இரண்டு நாளில் அது ராசிபுரம் போய், அதே பழைய சக ஆசிரியரிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. 'பார்த்தீர்களா சார், உங்கள் மலையிலேயே இப்படி! நீங்கள் சொன்னது சரிதான்' என்று கீழே எழுதியிருந்தார். குற்றம் கூடிவிட்டது என்பதற்கு நானே சாட்சி ஒன்றை உண்டாக்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் உன் மாமனார் வீட்டுக்காரர்களைப் போல வீட்டுக் கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்களோ!

உன் அம்மா திரும்பி வந்து அந்த வீடியோவைப் பார்த்தாள். "இது மாராயி இல்லீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"மொளகு குடுக்கச் சொல்லிட்டுப் போனேனே, குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"குடுத்தேன்னு அங்க சொன்னீங்களா?"

நான் செய்தித்தாளை எடுத்து விரித்தேன். "குடுக்கறப்ப கையி இருந்துச்சு, சொல்றப்ப வாயி எங்கீங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

நிலையத்தில் மாராயியை முந்தின நாளே விசாரித்து அனுப்பியிருந்தார்கள். நானும் போனேன். வழியில் உன் பெரியப்பா மறித்து, "நீ பேசுனீன்னா எம் பையன் பொய்மனு குடுத்தவன்னு ஆயிரும், ரோசன பண்ணிக்க" என்றார். யோசித்துத்தான் போனேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண்பிள்ளை, உன் வயசுதான் இருக்கும். நான் கொடுத்ததைச் சொன்னதும், "சரிங்க சார், நீங்க குடுத்தது ரெண்டு கை. முடிச்சுல அதுக்கு மேல இருந்திருக்கே?" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குத் தோன்றாத கேள்விகளை எல்லாம் அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டது. வழக்குகள் கூடியிருப்பது உண்மையா என்று நானும் கேட்டேன். "எழுதறது கூடியிருக்குங்க சார். வண்டி போனா இன்சூரன்ஸுக்கு வாராங்க, போன் தொலஞ்சா சிம்முக்கு வாராங்க. திருட்டு கூடுச்சா கொறஞ்சுச்சான்னு இத மட்டும் வெச்சு என்னால சொல்ல முடியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்தப் பிள்ளைக்குக் கூச்சமே இல்லை.

மிச்ச மிளகைக் கொடுத்தவர்களைத் தேடி உன் அம்மா வீடு வீடாகப் போனாள். "எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா நான் தொலஞ்சேன் அக்கா" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் உன் பெரியம்மா. நிலையத்தில், எல்லோர் முன்னாலும், சரவணனைப் பார்த்து, "அந்தப் பருத்த மொளகு நம்ம தோட்டத்துதுடா. நாந்தான் போட்டேன். உங்கப்பன் குடுக்கமாட்டாருன்னுதான் நான் குடுக்கறது" என்றார். சரவணன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவனை வெறுத்துவிடாதே. அவன் கையில் போன் இருந்தது. சந்தேகத்தை அவன் கையில் கொடுத்தவன் நான்.

மனுவை முடித்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் உன் பெரியப்பா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எம் பொண்டாட்டிய ஸ்டேஷன் படி ஏத்துனவன் ஊட்டுப் பந்தல்ல நான் கால் வெக்கறதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரியம்மா வருவாரா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

பிறகு பேளுக்குறிச்சிக்குப் போனேன். ஒரு வீடு கட்டுகிற இடத்தில் மாராயி மணல் சலித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் சல்லடை நிற்கவில்லை.

"மாராயி, நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு" என்றேன்.

"ஸ்டேஷன்ல சொன்னீங்களாமா, கேள்விப்பட்டேனுங்க."

"ஆமா, எல்லாம் சொல்லிட்டேன்."

"ரூமுக்குள்ள சொன்னீங்க. என்னைய ரோட்ல வெச்சுல்லீங்க கேட்டாங்க? சந்தைக்குப் போனா வெங்காயக்காரன் எம் பையத் தூக்கிப் பாத்துட்டுத்தான் தாரான். அவங்கிட்டப் போயி நீங்க சொல்லுவீங்களா?"

"சொல்றேன், இப்பவே வாரேன்" என்றேன். சட்டென்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "ஒவ்வொரு கடையா என்னையக் கூட்டிட்டுப் போயி, இவ திருடி இல்லீங்கன்னு சொல்லுவீங்களாக்கும்? போங்க சாமி. பஸ்ஸு போயிரும்" என்றாள். அடுத்த வருஷம் மிளகுக்கு வருவாயா என்று கேட்க நினைத்தேன். அந்த நினைப்புக்கும் வெட்கப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மலையில் திருட்டு கூடியிருக்கிறதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு பருவத்தைப் பார்த்தால் போதாது, பல வருஷம் பார்க்க வேண்டும். எல்லா வருஷமும் ஒரே மாதிரி எண்ணினார்களா என்று கேட்க வேண்டும். நிலையத்துக்குப் போனவர்களை மட்டுமல்ல, போகாதவர்களையும் கேட்க வேண்டும். ஒரு வீடியோ வந்தால் அது எந்த ஊர், எப்போது எடுத்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் கேட்டு முடிக்கிறவரை தெரியாது என்பதுதான் சரியான விடை. வேலையில் இருந்த காலத்தில் அந்த விடைக்கு நான் மதிப்பெண் போட்டதேயில்லை. நீ கட்டப்போகிற பெண்ணுக்குப் பயம் இருந்தால் அதைக் கேலி செய்யாதே, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போட்டுவிடு. ஆனால் பயத்துக்கு ஒரு ஆள் முகத்தை ஒட்டவைத்துவிடாதே. அது ஒட்டினால் பிய்க்க வராது. நம் குழுவில் நான் உண்மையை எழுதிப் போட்டேன். சிலர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவரும் அதை வேறு இடத்துக்கு அனுப்பவில்லை. மாராயியின் வீடியோ மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போ. அந்த வீடியோவை அவர்கள் போனிலேயே போடச் சொல். மாராயி முந்தானையை உதறுகிற இடத்தில் நிறுத்து. அவளுக்குப் பின்னால், சங்கிலி ஓரமாக, கையில் மஞ்சப்பையோடு தரையைப் பார்த்து ஒரு வயசான ஆள் நிற்பார். பெண் பார்க்க வந்த அன்று வெள்ளை வேட்டியில் வந்ததால் அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அது உன் அப்பா என்று சொல். அந்த மிளகைக் கொடுத்த ஆள் அவர்தான் என்றும் சொல். கேட்ட பிறகு இந்தச் சம்பந்தத்தைப் பற்றி அவர்களுக்கு மறுயோசனை வந்தால் கோபப்படாதே. சொல்ல உனக்கு நா எழவில்லை என்றால் ஒரு போன் போடு கண்ணு, முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்து நானே காட்டுகிறேன்.

உன் அப்பா